ஆறு வகுப்பு, ஆறு கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படியானால் அந்த ஒரு வருஷம் முழுக்க என் காது சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மதராஸில் பிரசவ நர்ஸுகளுக்கு ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸ், பத்து நாள். எங்கள் பிரசவ விடுதியிலிருந்து ஒருவர் போகலாம் என்றார்கள். அந்த ஒருவர் நான் இல்லை என்று ஆனதில் வந்த கோபம் அது. அந்தக் கோபத்தில் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். யார்மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலி சுரங்கத்தில் வேலை, பர்மனெண்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊர் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று. தெருவுக்குப் பெயர் கிடையாது, பிளாக் நம்பர்தான். ஊரே ஷிஃப்ட் கணக்கில் எழுந்து ஷிஃப்ட் கணக்கில் தூங்கும். கம்பெனியில் பர்மனெண்ட் ஆனவர்களுக்குக் கம்பெனியே ஆஸ்பத்திரி வைத்திருந்தது. கான்ட்ராக்டில் மண் வெட்டுகிறவர்கள், மந்தாரக்குப்பத்தில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், சுற்றுக் கிராமத்துக்காரர்கள், இவர்கள் வீட்டுப் பெண்களுக்காக மந்தாரக்குப்பத்தில் ஒரு தர்ம சபை பன்னிரண்டு கட்டில் போட்டு ஒரு பிரசவ விடுதி நடத்தியது. இன்று அது இல்லை. நான் அங்கேதான் நர்ஸாக இருந்தேன். காலையில் ஒரு லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவசரம் என்றால் வாட்ச்மேனை சைக்கிளில் அனுப்ப வேண்டும். மற்றபடி எல்லாம் நாங்கள் ஐந்து சிஸ்டர்கள்தான்.

ஐந்து பேரும் ஐந்து ஊரில் டிரெயினிங் முடித்தவர்கள். அதைப் போல ஒரு தலைவலி உலகத்தில் கிடையாது. தொப்புள்கொடியை ஒருத்தி இரண்டு விரல் தள்ளிக் கட்டுவாள், இன்னொருத்தி மூன்று விரல் என்பாள். பிறந்த உடனே குளிப்பாட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, நாளைக்குக் குளிப்பாட்டலாம் என்று ஒரு கட்சி. ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "எங்க ஆஸ்பத்திரியில இப்படித்தான்." நானும் அதையேதான் சொல்வேன். ஷிஃப்ட் மாறும்போது முன்னால் இருந்தவள் கட்டிய கட்டை அவிழ்த்து நம் முறைப்படி மறுபடி கட்டுவது எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே இருந்தது. பிள்ளை பெற்றவள் படுக்கையிலிருந்து எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து பேரில் மூத்தவரைப் பெரிய சிஸ்டர் என்போம். திருநெல்வேலிப் பக்கம். கணவரை இழந்தவர், ஒரே மகளை மதராஸில் கட்டிக்கொடுத்திருந்தார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக வேண்டியவர். அவர் ஒரு ஊசி போட்டு முடிப்பதற்குள் நான் மூன்று ஊசி போட்டுவிடுவேன். அவ்வளவு நிதானம். எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு ஒரு ஆயா இருந்தாள். ஆயா என்றால் வயதானவள் என்று நினைக்க வேண்டாம், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வார்டு துடைத்து, துணி அலசி, வெந்நீர் போட்டுத் தருகிற வேலைக்கு அதுதான் பெயர் என்பதால் நாங்கள் எல்லாரும் அவளை ஆயா என்றே கூப்பிட்டோம். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் ஏதோ வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த அவள் குடும்பத்துக்கு வேலை போனதுதான் மிச்சம். அவள் புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அவள் எங்களிடம் தினக்கூலி. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள்.

அவளுக்கு முதல் குழந்தை கிராமத்தில் வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. இரண்டாவது எங்கள் விடுதியில், என் கையில் பிறந்தது. அதுவும் அழவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்தேன். இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன், முதுகில் தட்டினேன், அடித்தேன். ஒரு தொட்டியில் வெந்நீர், ஒரு தொட்டியில் பச்சைத் தண்ணீர் வைத்து மாற்றி மாற்றி முக்கினேன். அந்தச் சின்ன நெஞ்சு என் விரலுக்குக் கீழே துடித்தது, நன்றாகத் துடித்தது. மூச்சு மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் துடிப்பும் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், அதே பிரசவ அறையைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள். "நெஞ்சு அடிச்சிக்கினுதானே இருந்துச்சி சிஸ்டர்? அப்பறம் ஏன் போச்சி?"

நான் போய் லேடி டாக்டரைக் கேட்டேன். மதராஸில் இப்போதெல்லாம் அடிப்பதில்லை, மூச்சுக் கொடுக்கிறார்கள், செய்து பார்த்தவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கு அடுத்த வருஷம் கோர்ஸ் பற்றிய சுற்றறிக்கை வந்தது. பாடத்திட்டத்தில் ஒரு வரி: மூச்சுவிடாத சிசுவுக்கு முதலுதவி. படித்ததும் என் கை பரபரத்தது. ஆயா அப்போது மூன்றாவதாக மூன்று மாதம். நான் அன்றைக்கே விண்ணப்பம் எழுதினேன். சர்டிபிகேட்டெல்லாம் பிரதி எடுத்து, கெஜட்டட் ஆபீஸர் ஒருவர் வாசலில் இரண்டு நாள் நின்று கையெழுத்து வாங்கினேன். அதோடு விட்டேனா? ஆயாவைக் கூப்பிட்டு வாக்கும் கொடுத்தேன். "நான் மதராஸ் போய்க் கத்துக்கிட்டு வந்துடறேன். இந்தப் பிள்ளை என் பொறுப்பு." அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சபையின் காரியதரிசி தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். சீனியாரிட்டி என்ற ஒரே வார்த்தையை வைத்து உலகத்தையே நடத்திவிடலாம் என்று நம்புகிறவர். பெரிய சிஸ்டரைத்தான் அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. நான் போய்ச் சண்டை போட்டேன். பெரியவர் இருக்கும்போது உங்களை அனுப்பினால் நன்றாக இருக்குமா அம்மா என்றார். அவர்தான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறாரே, கற்றுக்கொண்டு வந்து யாருக்கு என்ன லாபம் என்றேன். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "அதுக்குத்தாம்மா சொல்றேன். அவங்களுக்கு இதுதானே கடைசி சான்ஸ்."

பெரிய சிஸ்டர் கிளம்பிப் போனார். அவர் எதற்குப் போகிறார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். மகள் வீடு இருக்கிறது, பேரன் இருக்கிறான், காலையில் போய் ஆஜர் கொடுத்துவிட்டு மத்தியானம் பேரனைக் கொஞ்சப் போய்விடுவார். இதை மற்ற மூன்று சிஸ்டர்களிடமும் சொன்னேன். ஆளுக்கு ஒரு கை சேர்த்து அந்தக் கதையை நன்றாகவே வளர்த்தோம். எங்கள் விடுதியில் எந்த விஷயத்திலும் இல்லாத ஒற்றுமை அதில் மட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்து அவர் வந்தபோது கையில் இரண்டு சாமான். ஒன்று, கோர்ஸுக்கு வந்திருந்த மதுரை முதலான வெவ்வேறு ஊர் நர்ஸுகளின் விலாசம் எழுதிய நோட்டு. மாதம் ஒரு கார்டு எழுதிப் போட்டுக்கொள்ள வேண்டும், உங்கள் வார்டில் என்ன கேஸ் வந்தது, என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எங்களையும் எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மாவுக்கே நான் மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை, முன்பின் தெரியாத மதுரைக்காரிக்குத் தொப்புள்கொடி பற்றிக் கார்டு எழுதப்போகிறேனா? இன்னொன்று ஒரு துணிப் பொம்மை. பஞ்சு அடைத்து அவரே தைத்தது. நெஞ்சுப் பக்கம் மட்டும் பஞ்சுக்குப் பதில், பந்துக்குள் இருக்குமே அந்த மாதிரி சின்ன ரப்பர் பிளாடர் வைத்து, வாய் வழியாக ஊதினால் நெஞ்சு எழும்புகிற மாதிரி செய்திருந்தார். முகத்தில் கறுப்பு நூலால் இரண்டு கண். பார்க்கக் கண்றாவியாக இருந்தது.

கோர்ஸ் முடித்து வந்தவர் மற்ற சிஸ்டர்களுக்கு ஆறு வகுப்பு எடுக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளைச் சபைக்குக் கொடுத்தால் அதை மதராஸுக்கு அனுப்புவார்கள். வாரம் ஒரு வகுப்பு, இரண்டேகாலுக்கு. ஏனென்றால் இரண்டு மணிக்குத்தான் காலை ஷிஃப்டும் மத்தியான ஷிஃப்டும் ஒன்றாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டவுன்ஷிப்புக்குப் போகிற பஸ் இரண்டு இருபதுக்கு. அதை விட்டால் அடுத்தது மூன்றே முக்காலுக்கு. காலை நாலுக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்து, எட்டு மணி நேரம் நின்ற காலோடு, இன்னும் ஒன்றரை மணி நேரம் பொம்மையை ஊதிக்கொண்டிருக்க யாரால் முடியும்? காலை ஷிஃப்ட் ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினோம். மத்தியான ஷிஃப்ட் ஆட்கள் வார்டில் வேலை இருக்கிறது என்றார்கள்.

முதல் வகுப்பில் ஐந்து நிமிஷம் இருந்தேன். பையைத் தோளில் மாட்டியபடி, உட்காராமல். குழந்தையின் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடி, நம் வாயை வைத்து ஊத வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "குழந்தையா அடுப்பா, ஊதறதுக்கு?" என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரிய சிஸ்டர் முகம் மாறவில்லை. இருந்து ஒரு தடவை நீயே ஊதிப் பார்த்துவிட்டுப் போயேன் என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பஸ் வந்துவிடும் என்றேன், கிளம்பிவிட்டேன்.

நானே என்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. அந்தப் பாடத்துக்காகத்தானே நான் காரியதரிசியிடம் சண்டைக்குப் போனேன்? அது என் காலடிக்கே வந்தபோது பஸ் முக்கியமாகப் போய்விட்டது. உண்மையில் பஸ்கூட இல்லை. அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் விஷயம். அடுத்த வருஷம் என் முறை வரும், மதராஸுக்கே போய் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று வீறாப்பு. ஆயாவின் பிரசவம்? அதற்குப் பெரிய சிஸ்டர்தான் இருக்கப்போகிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்று அதற்கும் ஒரு சமாதானம். கொடுத்த வாக்கை அவ்வளவு சுலபமாக அடுத்தவர் தலையில் கட்டிவிட்டேன்.

கையெழுத்துத் தாளை அட்டையில் செருகி எங்களிடம் கொண்டுவருவது ஆயாவின் வேலை. வயிற்றைச் சாய்த்துக்கொண்டு வந்து நிற்பாள். முதல் வாரமும் இரண்டாவது வாரமும் போட்டேன். மூன்றாவது வாரம், வாரா வாரம் இது என்ன ரோதனை என்று, மிச்சம் இருந்த நான்கு கட்டத்திலும் மொத்தமாகப் போட்டுவிட்டேன். ஒரே நாளில் போட்டது தெரியக்கூடாதே என்று இரண்டு நீல மையிலும் இரண்டு கறுப்பு மையிலும். அவ்வளவு புத்திசாலித்தனம். அடுத்த வாரத்துக்கும் இப்போதே போடுகிறீர்களா சிஸ்டர் என்று ஆயா கேட்டாள். உனக்கு எதற்கு அதெல்லாம், போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். மற்ற மூவரும் கொஞ்சம் முன்னே பின்னே இதையேதான் செய்தார்கள். ஆறு வகுப்பும் நடந்தன. பெரிய சிஸ்டர் ஒன்றைக்கூடத் தள்ளிவைக்கவில்லை. காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்துகிறார் என்று நாங்கள் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தோம்.

பெரிய சிஸ்டருக்கு இன்னொரு பழக்கம், கடலூரில் நடக்கிற நர்ஸுகள் சங்கக் கூட்டம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுவார். அவர் நச்சரிப்புத் தாங்காமல் நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். பஸ்ஸில் இடிபட்டுப் போய் இறங்கினால், முதல் வரிசையில் யார் உட்காருவது என்று ஒரு மணி நேரம் தகராறு. அப்புறம் வரவேற்புரை, அப்புறம் மாலை, அப்புறம் போட்டோ. போட்டோவில் யார் நாற்காலி, யார் பின்னால் நிற்பது என்று மறுபடி தகராறு. நன்றியுரையை இரண்டு பேர் சொன்னார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பெரிய சிஸ்டரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேடைக்கா நான் போறேன்? காபி குடிக்கையில பக்கத்துல நிக்கவகிட்ட, உங்க வார்டுல இதுக்கு என்ன செய்யுதீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்லா. அதுக்குத்தான்." காபியும் நன்றாக இல்லை என்றேன் நான்.

அப்படி ஒரு கூட்டத்து ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. பெரிய சிஸ்டர் காலையிலேயே கடலூர் போய்விட்டார். எனக்கு மத்தியான ஷிஃப்ட். ஞாயிறென்றால் ஒரு சிஸ்டர்தான், கூட சமையற்கார அம்மாவும் வாட்ச்மேனும். ஆயாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, வேலைக்கும் வந்திருந்தாள். மூன்று மணி இருக்கும், வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. வாட்ச்மேனை லேடி டாக்டர் வீட்டுக்கு விரட்டினேன். அவர் விருத்தாசலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று வந்து சொன்னான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. டாக்டர்மேல் எரிச்சல், கல்யாணம் வைத்தவன்மேல் எரிச்சல், கடலூர் சங்கத்தின்மேல் எரிச்சல். எல்லாரையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கையுறையைப் போட்டேன். பயந்துபோயிருந்தேன் என்பதுதான் நிஜம்.

நாலரை மணிக்குப் பிறந்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்து, கை கால் துவண்டு, என் கையில் ஈரத் துணி மாதிரி கிடந்தது. அழவில்லை. கொடியைக் கட்டி வெட்டினேன். நெஞ்சில் விரல் வைத்தேன், துடிக்கிறது. அதே துடிப்பு. என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியது. சமையற்கார அம்மாவிடம் தொட்டியில் வெந்நீர் ஊற்றச் சொன்னேன்.

"சிஸ்டர், கால புடிச்சித் தூக்காதீங்க."

யார் பேசியது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆயா பிரசவ மேஜைமேல் ஒரு முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. முகமெல்லாம் வேர்வை. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. பக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல்.

"படுக்க வைங்க. தோளுக்குக் கீழ துணி மடிச்சி வைங்க. வாயில கெடக்கற சளிய மொதல்ல எடுங்க."

படுக்க வைத்தேன். துணியை மடித்து வைத்தேன். ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சி எடுத்தேன். அடுத்து என்ன என்று அவளைப் பார்த்தேன். நர்ஸ் நான், பார்த்தது அவளை.

"சன்னத் துணி போட்டு வாயையும் மூக்கையும் சேத்து மூடிக்கினு ஊதுங்க. மூச்ச இழுத்து ஊதாதீங்க. கன்னத்துல இருக்கற காத்து மட்டும்."

ஊதினேன். நெஞ்சு எழும்புகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஒரு விநாடி யோசித்தாள். தலையை ரொம்பப் பின்னால் சாய்த்துவிட்டீர்கள், கொஞ்சம் நேராக வையுங்கள் என்றாள். வைத்தேன். மறுபடி ஊதினேன். அந்தக் கட்டைவிரல் அகல நெஞ்சு மேலே எழும்பியது. எழும்புகிறது என்று தலையை ஆட்டினேன். அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, ஊதுங்க. ஒண்ணு, ரெண்டு, ஊதுங்க. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் நிறுத்திவிடுவேனோ என்று தோன்றிய இடத்திலெல்லாம் அந்தக் குரல் ஊதுங்க என்றது. திடீரென்று என் வாய்க்குக் கீழே ஒரு விக்கல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் குழந்தை வீரிட்டது.

அதற்கப்புறம்தான் ஆயா தலையைக் கீழே வைத்தாள். வைத்ததும் உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். நானும் அழுதேன், சமையற்கார அம்மாவும் அழுதாள். நஞ்சு விழுந்து, எல்லாம் துடைத்து, குழந்தையைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் விட்ட பிறகு கேட்டேன், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று. "பெரிய சிஸ்டர் கிளாஸ்லதான். நீங்கள்லாம் போனப்பறம் பொம்மைய வெச்சிக்கினு தனியா குந்திக்கினு இருப்பாங்க. நான் போயி எதிர்ல குந்திக்குவேன். ஆறு நாளும் ஊத வுட்டாங்க." பாவம், பெரியவர் தனியாக இருக்கிறாரே என்று துணைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அடுத்து நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. பிரசவ ரிஜிஸ்டரில், சிசுவுக்கு வாய்வழி சுவாசம் கொடுத்து மீட்கப்பட்டது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை, ஊதியது நான்தான். மறுநாள் லேடி டாக்டர் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். காரியதரிசி என் ஆறு கையெழுத்தும் இருந்த தாளை எடுத்துவைத்துக்கொண்டு, பயிற்சியின் பலனைப் பாருங்கள் என்று சபைக் கூட்டத்தில் பேசினாராம். அடுத்த வருஷம் மதராஸுக்கு இவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானமும் போட்டார்கள். இத்தனை நாள் சீனியாரிட்டி பாடியவர், எனக்கு முன்னால் இருந்த ஒரு சிஸ்டரைத் தாண்டி எனக்குக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரிய சிஸ்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயா பெயரையும் அந்தத் தாளில் சேர்க்கச் சபையில் கேட்டதாகவும், அது சிஸ்டர்களுக்கான தாள், தினக்கூலிக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அப்புறம் ஒரு கார்டு எடுத்து, எனக்கு முன்பின் தெரியாத அந்த மதுரை நர்ஸுக்கு எழுத உட்கார்ந்தார். தலையை ரொம்பச் சாய்த்தால் காற்று இறங்காது, நேராக வைத்ததும் இறங்கியது, எங்கள் ஆயா சொன்னாள் என்று அதில் எழுதினார். எனக்குத் தெரிந்து அவள் செய்தது ஒரு காகிதத்தில் ஏறியது அந்தக் கார்டில் மட்டும்தான்.

நான் மதராஸுக்குக் கிளம்பியது அடுத்த வருஷம். அதற்குள் பெரிய சிஸ்டர் ரிட்டயர் ஆகி மகளோடு போய்விட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் வார்டில் ஆயா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கீழே உட்கார்கிறது, மறுபடி நிற்கிறது. எனக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் சரிங்க சிஸ்டர் என்றாள். பேச்சை அத்தோடு விட்டிருக்கலாம். பெரிய சிஸ்டர் தனியாக இருப்பாரே என்றுதானே அன்றைக்கு நீ போய் உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

அவள் மடித்த துணியை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், துளிகூட இல்லை.

"இல்லீங்க சிஸ்டர். பெரிய சிஸ்டர் ட்யூட்டியில வலி வந்தா பரவால்ல. உங்க ட்யூட்டியில வந்துட்டா என்னா பண்றதுன்னுதான் கத்துக்கினேன்."

போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.